முப்பத்து நான்கு அங்குலம்

இடது காதுக்குள் ஏதோ கெட்டுப்போனதிலிருந்து
தரை எனக்குச் சொன்ன சொல் தவறுகிறது.
ஏணி கூடாது, மோட்டார் சைக்கிள் கூடாது என்ற டாக்டர்
கயாக் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பத்து மாவுங்கில் கூ பெங் ஹுவாட்டின் கடை,
கடை என்றால் தகரக் கொட்டகை.
வெயிலில் குப்புறக் கிடந்தன
மஞ்சளும் ஆரஞ்சுமாய்ப் பதினோரு படகுகள்.
மெலிந்து நீண்ட ஒன்றில்தான் முதலில் கண் போனது.
இருபத்து நான்கு அங்குல இடுப்பு.
"அம்பு மாதிரிப் போகும்," என்றார்
பாதி மலாயிலும் பாதி கையாலும்,
"நீங்கள் இல்லாமலே."

பிறகு நீர்த்தொட்டியில்
ஒரு சிரட்டையையும் ஒரு பிளாஸ்டிக் தட்டையும் மிதக்கவிட்டு
விளிம்பில் விரல் வைத்தார்.
சிரட்டை தொட்டதுமே ஆடியது,
ஆடிக்கொண்டே இருந்தது, முழுகவில்லை.
தட்டு அசையவே இல்லை.
இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.
அப்போதும் இல்லை.
இன்னும் கொஞ்சம்.
ஒரே மடக்காய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு
அடிக்குப் போயிற்று.

தட்டு மாதிரி மனிதர்களை எனக்குத் தெரியும்.
ஒருவரை மணந்தும் பார்த்தேன்.

"அப்படியானால் எது?"
அவர் ஒரு பச்சைப் படகைப் புரட்டிப் போட்டார்.
அடியில் இரண்டு மேடு, நடுவே வாய்க்கால்,
பத்தடி நீளம், முப்பத்து நான்கு அங்குல அகலம்.
பக்கவாட்டில் யாரோ பாறையில் தேய்த்த கீறல்.
இருக்கையருகே நான்கு ஓட்டைகள்.
ஓட்டைப் படகையா தலையில் கட்டுகிறீர்கள் என்றேன்.
வந்த தண்ணீர் போக வேண்டாமா என்றார்.
நாற்காலி போல உயர்ந்த இருக்கையும் இருந்தது,
முதுகுக்கு நல்லது, முந்நூறு வெள்ளி கூடுதல்.
உயரம் கூடினால் ஆட்டமும் கூடும்;
வேண்டாம், பள்ளத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

காசு கொடுக்கும் முன்
முழங்கால் தண்ணீரில் இறக்கச் சொன்னேன்.
இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு
பேருந்துக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்தேன்.
படகு ஒரு விரல் சாய்ந்து நின்றது.
கூ கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
நான் கவிழ்ந்தால் பார்க்காதது போல இருக்க.

ஆயிரத்து முந்நூற்றைம்பது,
கீறலுக்காக ஐம்பது குறைத்தார்.
உயிர்காப்பு அங்கிக்குக் குறைக்கவில்லை.

ரேலாவ் அடுக்குமாடியின் லிஃப்டை
முந்தின இரவே அளந்திருந்தேன்.
குறுக்காக வைத்தாலும் ஏழடி எட்டங்குலம்.
அதனால் படகு ரொக்கியா வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பின்னால்.
வாடகை, பிடிக்கும் மீனில் பாதி.

ஞாயிறு காலை ஆறரை, ஏற்றம் நின்ற நேரம்.
துடுப்பைப் போட்டதும் தலை சுற்றும் என்று
மிட்டாய் ஒன்றை நாக்கடியில் வைத்திருந்தேன்.
அலை வந்தது. நான் ஆடினேன்.
பக்கத்தில் தன் பழைய நீலப் படகில்
ரொக்கியாவும் ஆடினாள்.
மிதவை ஆடியது, மீன்பிடிப் படகுகள் ஆடின,
தூரத்தில் இரண்டாம் பாலம்கூட
ஏறி இறங்குவது போலத்தான் இருந்தது.
எட்டு மாதமாய் நான் மட்டும் ஆடிய உலகத்தில்
முதன்முதலாய் எல்லோரும்.

மிட்டாயைத் துப்பிவிட்டு இறால் கோத்தேன்.

ஒன்பது மணிவரை ஒன்றுமில்லை.
பிறகு தூண்டில் வளைந்தது,
இடப்பக்கம், கேட்காத பக்கம்.
எட்டிப் பிடிக்க உடம்பு முழுதும் அங்கே போக
படகு சாய்ந்தது,
யோசித்தது,
திரும்பி உட்கார்ந்தது.

உள்ளங்கை நீளக் கெளுத்தி.
முள்ளைப் பார் முள்ளைப் பார் என்று ரொக்கியா கத்தியது
வலது காதில் விழுவதற்குள் குத்திவிட்டது.
கட்டைவிரல் வீங்கி, ஒற்றைக் கையால் துடுப்பு போட்டு,
கரைக்கு வர முக்கால் மணி நேரம்.

இறங்கியதும் மணல் நழுவியது.
வழக்கம்போல.
படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த வாரம் குறடு வாங்க வேண்டும்.
பாதிக் கெளுத்தியை எப்படிக் கொடுப்பது என்றும்
ரொக்கியாவிடம் கேட்க வேண்டும்.